தலைகீழ் மலை

திரும்பிப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, மலை முழுக்க என் முதுகுக்குப் பின்னாடி நிக்குது. இவ்வளவு நேரம் அது பக்கம் தலையே திருப்பாம கையை வீசிக்கிட்டு இறங்கிட்டிருந்திருக்கேன். செவப்பு, மஞ்சள், சாம்பல்னு பட்டை பட்டையா சுவர் மாதிரி ஏறிப் போவுது, அண்ணாந்தா கழுத்து நரம்பு இழுக்குது, உச்சியில பென்சில் கோடு கணக்கா ஒரு கம்பித் தடுப்பு. "அப்பா, இந்த நிழல்லயே நில்லுங்க, நான் காரை நிறுத்திட்டு வந்துடறேன், இறங்கற வேலையெல்லாம் வெச்சுக்காதீங்க"ன்னு என் புள்ள இளம்பரிதி சொல்லிட்டுப் போனது அந்தத் தடுப்புகிட்டதான். அவன் பொண்டாட்டி மிருதுளாவும் என் வீட்டுக்காரி கஸ்தூரியும் குழந்தையைத் தூக்கிட்டு பாத்ரூம் வரிசையில நிக்கப் போனாங்க. நான் நிழல்ல நின்னேன். நல்ல நிழல்தான், குறை சொல்ல முடியாது. எதிர்ல பாதை இறங்கிச்சு, நானும் இறங்கினேன். இது என்ன பெரிய மலை, சோளிங்கர்ல பார்க்காததான்னு நெனப்பு. அங்கதான் கோட்டை விட்டேன். நமக்கு மலைன்னா அது மேல இருக்கும், நாம கீழ இருப்போம். சோளிங்கரோ திருத்தணியோ, முதல்ல ஏறணும், முட்டி முனகும், மூச்சு வாங்கும், முடியலன்னா பாதியில ஒரு கும்பிடு போட்டுட்டுத் திரும்பிடலாம், திரும்பினா இறக்கம்தான், காலு அதுவா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடும். அறுபத்தி மூணு வருஷமா உடம்புக்குள்ள ஊறிப் போன கணக்கு இது, களைச்சா திரும்பு. நானும் களைச்சதும் திரும்பினேன். இந்த ஊர்ல மலையைத் தோண்டித் தலைகீழா வெச்சிருக்காங்க, வாசல் மேல, சாமி கீழ. நாம களைச்சுப் போய்த் திரும்பற இடத்துலதான் மலையே ஆரம்பிக்குது. பாதை ஆரம்பத்துல போர்டு இருந்துது, படம் கூடப் போட்டிருந்தான், வெயில்ல ஒருத்தன் மண்டி போட்டு வாந்தி எடுக்கறான். பார்த்தேன். சின்னப் பையன், அனுபவம் இல்லன்னு நெனச்சேன்.

கோவத்துல இறங்கினேனா? இல்ல. கோவம் வந்தா எனக்குத் தூக்கம்தான் வரும், கஸ்தூரியைக் கேட்டா சொல்லுவா. கார்ல அப்படித்தான் கண்ணை மூடிட்டேன். காலையில மோட்டல் பாத்ரூம்ல குக்கரை வெச்சு, புகை மணி அடிக்கக் கூடாதுன்னு ஃபேனைப் போட்டு, கதவு இடுக்குல துண்டைத் திணிச்சு அவ சாதம் வெச்சா, ஊர்லேருந்து கொண்டாந்த புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறினா, அந்த வாசனை இன்னும் என் விரல்ல இருக்கு. சாப்பிட்டுட்டு கார்ல ஏறினோம். ரோடு நேரா போவுது, ரெண்டு பக்கமும் ஒண்ணுமில்ல, அந்த ஒண்ணுமில்லாததுக்கும் முள்ளுக்கம்பி வேலி போட்டு வெச்சிருக்கான். பெட்ரோல் போட்டாச்சுன்னு சொல்ற அதே குரல்ல இளம்பரிதி சொல்றான், "அப்பா, உங்க ரிட்டர்ன் டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டேன்." கண்ணாடி வழியா என் மூஞ்சியைப் பார்த்தான். நான் எந்த மூஞ்சியும் காட்டல. "அடுத்த மாசம் போறதாத்தானே இருந்துது"ன்னேன். "எங்கப்பா போறது? எட்டு மாசம் முன்னாடி நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழுந்தீங்க. ஸ்டென்ட் வெச்ச உடம்பு. அங்க போனா திரும்ப லிஃப்ட் மிஷின் ரூம்ல ஏறி உக்காருவீங்க. கிரீன் கார்டுக்கு வக்கீல்கிட்ட பேசிட்டேன்." "பேசிட்டியா?" "பேசிட்டேன்." "என்கிட்ட?" "அதான் இப்ப பேசறேனேப்பா." மிருதுளா முன் சீட்டுலேருந்து திரும்பி, "உங்க நல்லதுக்குத்தான் மாமா"ன்னா. நல்ல பொண்ணு, அவளை ஒண்ணும் சொல்றதுக்கில்ல. கஸ்தூரி பேத்தி ஆதிரைக்கு ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருந்தா. கொட்டையை ஒவ்வொண்ணா எடுத்து டிஷ்யூவுல வெச்சா. அங்க எனக்கு என்ன இருக்குன்னு கேட்டா பெருசா ஒண்ணுமில்லதான். அயனாவரத்துல மூணாவது மாடியில ரெண்டு ரூம், கீழ்ப்பாக்கத்துலயும் புரசைவாக்கத்துலயும் கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்டுங்க கொஞ்சம். கம்பெனியில ரிடையர் ஆன பிறகும் அதுங்களை நான்தான் பார்த்துக்கறேன். என்னை விட்டா ஆள் கிடையாதுன்னு பீத்திக்க மாட்டேன், ஆள் இருக்கு, என்னைவிட நல்லாவே பண்ணுவாங்க. எனக்கு அது வேணும், அவ்வளவுதான். காலையில எவனாவது போனைப் போட்டு, "ஏகாம்பரம், திரும்ப நின்னுடுச்சுய்யா, என்னய்யா வேலை பார்த்தே"ன்னு கத்தணும். இங்க என்னை யாரும் திட்டறதே இல்ல. நாலு மாசமா எல்லாரும் என்கிட்ட மெதுவா பேசறாங்க.

சரி, ஏறு. மூக்கால மூச்சு, வாயால வெளிய, ஏறு. லிஃப்ட் மெக்கானிக் ஏறாத படியா? லிஃப்ட் ஓடினா நம்மளை எதுக்குக் கூப்பிடப் போறாங்க, நாம போற எடத்துல எல்லாம் லிஃப்ட் நின்னுதான் இருக்கும், மிஷின் ரூம் மொட்டை மாடியிலதான் இருக்கும். ஊரை எல்லாம் சொகுசா மேல ஏத்தினவன் நடந்தே மேல போனவன். அந்தக் கால்தான் இது. ஆனா அந்தக் கால் கீழ மெட்ராஸ் காத்துல நடந்த கால், இங்க காத்து சல்லடையில சலிச்ச மாதிரி இருக்கு, இழுத்தா பாதிதான் வருது. ஒரு வளைவு, ரெண்டு வளைவு, மூணாவதுல நெஞ்சுக்கு நடுவுல யாரோ உள்ளங்கையை வெச்சாங்க. அழுத்தல. சும்மா வெச்சாங்க. புளியோதரையா இருக்கும். புளியோதரைக்கும் மத்ததுக்கும் ஆரம்பம் ஒரே மாதிரிதான் இருக்கும், முடிவுலதான் வித்தியாசம். எட்டு மாசம் முன்னாடி விழுந்த அன்னைக்கும் வாயுன்னுதான் நெனச்சேன், பெருங்காயத்தைக் கரைச்சுக் குடிச்சுட்டு வாசப்படியில உக்காந்தேன், அப்புறம் உக்காந்திருக்கேன்னு தெரியல. பக்கத்து வீட்டு பசங்க நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில வெச்சு என்னை மூணு மாடி இறக்கினாங்க, ஒவ்வொரு திருப்பத்துலயும் நாற்காலி சாயும், ஒவ்வொரு வாசல்லயும் ஒரு கதவு தொறக்கும், ஒவ்வொரு கதவுலயும் ஒரு முகம் "அய்யய்யோ, லிஃப்ட்காரருக்கா"ன்னு கேக்கும். வேட்டி ஒரு பக்கம் நழுவுது, புடிக்கக் கை வரல. வலி மறந்துபோச்சு, அந்த வேட்டி மறக்கல. இப்ப மாத்திரை சட்டைப் பையில இருக்கு, நாக்குக்கு அடியில வெக்கறது. தொட்டுப் பார்த்தேன், இருக்கு. போட்டா தலை கிறுகிறுக்கும், ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்ல, கிறுகிறுக்கறதுக்கு இது எடம் இல்ல. எதிர்ல கோவேறு கழுதை வரிசை வருது, பாறையோட ஒட்டி நின்னேன், ஒவ்வொண்ணு மேலயும் ஒரு வெள்ளைக்காரர் உக்காந்து கை காட்டறார். நானும் காட்டினேன். கழுதை மட்டும் என்னைப் பார்த்துது, ஏதோ தெரிஞ்சவனைப் பார்க்கற மாதிரி. நான் இங்க உக்காந்தேன்னு வெச்சுக்க, ஸ்ட்ரெச்சர் வரும், ஹெலிகாப்டர் கூட வரும்னு சொல்றாங்க. வந்துதுன்னா அத்தோட என் டிக்கெட் கதை முடிஞ்சுது. இளம்பரிதி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்ல, என்னைச் சும்மா பார்த்தா போதும். செத்தாலும் அவன் சொன்னது சரி, பொழைச்சாலும் அவன் சொன்னது சரி. என் காலால மேல போய் நின்னாத்தான் என் பேச்சுக்கு மதிப்பு. ஏறு.

நாலாவது வளைவுல ஒரு பொண்ணு மேலேருந்து வந்தா, வட்டத் தொப்பி, காக்கி கால்சட்டை, இடுப்புல வாக்கி டாக்கி, பார்க்கைப் பார்த்துக்கற ஆபீசர். என்னைப் பார்த்ததும் நின்னா. "ஆர் யூ ஓகே, சார்?" நான் ராப்பள்ளியில படிச்ச இங்கிலீஷ்காரன், எழுதினா தப்பு வராது, பேசினாத்தான் வாக்கியம் பாதியில நின்னுடும், நம்ம லிஃப்ட் மாதிரி. "ஃபைன். டேக்கிங் போட்டோ"ன்னேன். அவ என் கையைப் பார்த்தா. கையில போன் இல்ல, அது கார்ல சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கு. "அலோனா?" "ஃபேமிலி ஈஸ் அப்." "எனி ஹார்ட் பிராப்ளம்?" "நோ"ன்னேன். ஸ்டென்ட் வெச்சாச்சு, இனிமே பிராப்ளம் இல்லன்னு டாக்டரே சொன்னார், அப்ப அது பொய்யில சேராது. தண்ணி குடிங்கன்னு பையிலேருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினா. குடிச்சேன். நான் குடிக்கற மாதிரிதான் குடிச்சேன், தலையை அண்ணாந்து, பாட்டிலை ஒரு சாண் மேல தூக்கி, உதடு படாம. எங்கம்மா அடிச்சுப் பழக்கினது, எச்சில் பண்ணினா அந்தச் சொம்புல அப்புறம் யாரும் குடிக்க மாட்டாங்க. மெட்ராஸ்ல அது தொண்டைக்குள்ள நேரா விழும். இங்க பள்ளத்துலேருந்து ஒரு காத்து எழும்பி வந்துது, தண்ணி அப்படியே வளைஞ்சு என் காதுல விழுந்துது, தோள்ல விழுந்துது, மீதி அவ பூட்ஸ் மேல. திரும்பத் தூக்கினேன். திரும்ப காது. அந்தப் பொண்ணு முகம் மாறிடுச்சு. ஒரு கெழவனுக்கு அவன் வாய் எங்க இருக்குன்னே தெரியலன்னா அவ என்னன்னு நெனப்பா? வெயில் மண்டைக்கு ஏறிடுச்சுன்னு நெனச்சா. "சார், வாட் டே ஈஸ் டுடே?"ன்னா, மெதுவா, ஒவ்வொரு எழுத்தா. கை வாக்கி டாக்கிக்குப் போவுது. அவளுக்கு நான் எப்படிச் சொல்லுவேன், இது எங்க ஊர்ல மரியாதைன்னு? எச்சிலுக்கு இங்கிலீஷ்ல என்ன? யோசிச்சு முடிக்கறதுக்குள்ள ஹெலிகாப்டர் வந்துடும். "தர்ஸ்டே"ன்னு சொல்லிட்டு, பாட்டிலை வாயில வெச்சு, உதட்டை நல்லா அழுத்தி, சப்பிக் குடிச்சேன். அவ கண்ணைப் பார்த்துக்கிட்டே குடிச்சேன். குடிக்கறப்ப எங்கம்மா முதுகுல ஒண்ணு போட்ட மாதிரி இருந்துது. போடட்டும். அவ கை இடுப்புலேருந்து இறங்கிச்சு. கொஞ்சம் உப்பு பிஸ்கட் குடுத்தா. கீழ போய்ட்டுத் திரும்பி வருவேன், அப்பவும் நீங்க இங்கயே இருந்தீங்கன்னா ஆளைக் கூப்பிடுவேன்னு சொன்னா. மெரட்டலாச் சொல்லல, ரொம்பப் பிரியமா சொன்னா. எல்லாரும் என்னைப் பிரியமாத்தான் மெரட்டறாங்க.

அவ வர்றதுக்குள்ள இங்க இருக்கக் கூடாது. ஏறு. ஏறுன்னா ஓடறதில்ல, நின்னு ஏறு. லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க உள்ளேருந்து கதவை உதைப்பாங்க, "மூச்சு முட்டுது, தொறங்க தொறங்க"ன்னு அலறுவாங்க, நான் வெளியேருந்து ஒரே குரல்ல பேசுவேன், "சார், காத்து இருக்கு சார், உள்ள தாராளமா காத்து இருக்கு, உதைக்காதீங்க, எந்த ஊரு சார் நீங்க?" ஊரைக் கேட்டா உதை நிக்கும். காத்து இருக்கு ஏகாம்பரம், உதைக்காதே, எந்த ஊரு நீ? அயனாவரம். அயனாவரத்துல எங்க? அந்த உள்ளங்கை இப்ப கொஞ்சம் அழுத்துது. உடம்புக்குள்ள ஒருத்தன் மாட்டிக்கிட்டு உதைக்கறான், அவன் வேற யாரோ, நான் வெளிய நிக்கற மெக்கானிக், அப்படி நெனச்சுக்க. ஆனா வெளிய நிக்கறவனுக்கு எதுக்கு மூச்சு முட்டுது? எனக்கு சாவு பயம் இல்லன்னு சொன்னா அது ஆபீசர் பொண்ணுகிட்ட சொன்ன மாதிரி ஒண்ணு. இருக்கு. இங்க, இந்த செவப்புத் தூசியில, மூக்கும் உதடும் காஞ்சு போய், நம்ம பேரைக் கூட ஒழுங்கா சொல்லத் தெரியாதவங்க தூக்கி ஒரு பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுக்கறது. இருக்கு. அதைவிடப் பெரிய பயம் ஒண்ணும் இருக்கு. இவங்க வீட்டு ஹால்ல, அந்தச் சாம்பல் கலர் சோபாவுல, டிவி ரிமோட்டைப் பக்கத்துல வெச்சு, "மாமா, சூப் சூடா இருக்கா?" "இருக்கும்மா," இப்படிப் பதினஞ்சு வருஷம் பத்திரமா இருக்கறது. ரெண்டுல எதுன்னு கேட்டா நான் தூசியைத்தான் எடுத்துக்குவேன். இப்படிச் சொல்றப்பவே இன்னும் ரெண்டு வளைவு ஏறியிருக்கேன். பகல்ல கம்பெனியில ஹெல்பர், சாயங்காலம் கார்ப்பரேஷன் ஸ்கூல்ல பத்தாங்கிளாஸ், பரீட்சையில ஒரு கேள்வி, பள்ளத்தாக்கு எவ்வாறு உண்டாகிறது. படிச்சதெல்லாம் தூக்கத்துல போச்சு. ஆறு விடாமல் ஓடுவதால்னு ஒரே வரி எழுதினேன். மூணு மார்க் கேள்விக்கு ஒண்ணு போட்டார் சார். மீதி ரெண்டு மார்க்குக்கு என்ன எழுதணும்னு இப்ப கீழ பார்த்தேன், கீழ ஆறு தெரியல, அவ்வளவு கீழ போயிருக்கு, இன்னும் ஓடிக்கிட்டிருக்காம். அந்த ஒரு மார்க்கே கரெக்ட் சார். அப்ப ஒரு ஏப்பம் வந்துது. பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டிருக்கும், அவ்வளவு பெரிய ஏப்பம், புளியும் பெருங்காயமுமா. பாதி அழுத்தம் போச்சு. மீதிப் பாதி யாருதுன்னு நான் கேட்டுக்கல.

கடைசி வளைவுக்கு முந்தின வளைவுல ஒரு கல்லு மேல கஸ்தூரி உக்காந்திருக்கா. புடவையைத் தூக்கிச் செருகி, மிருதுளாவோட பழைய ஷூவைப் போட்டுக்கிட்டு, தலையில துப்பட்டாவைச் சுத்திக்கிட்டு. ஓடி வரல. கத்தல. "வந்தாச்சா?"ன்னா. "எங்க அவன்?"னு கேட்டேன், கேக்கறதுக்கே ரெண்டு மூச்சு ஆச்சு. "பார்க் ஆபீஸ்ல ஆளைக் காணோம்னு சொல்லிக்கிட்டிருக்கான். சட்டை என்ன கலர்னு கேட்டாங்க, முழிக்கறான். நான்தான் நீலம்னு சொல்லிட்டு இங்க வந்தேன்." "நீ பயப்படலையா?" "பயந்தேன். பயந்தா என்ன, பறந்தா வர முடியும்? இங்கேருந்து பார்த்தா கீழ எல்லாம் தெரியுது. ரொம்ப நேரம் நின்னீங்க. பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தீங்க. போட்டீங்களா?" "இல்ல." "எச்சில் பண்ணி குடிக்கறீங்க, அதையும் பார்த்தேன்"னு சொல்லிட்டுச் சிரிச்சா. எனக்குச் சிரிக்க மூச்சு இல்ல. நின்னுக்கிட்டே சொன்னேன், "கஸ்தூரி, நான் போகப் போறேன். டிக்கெட்டைத் திரும்பப் போடச் சொல்லப் போறேன், ரெண்டு பேருக்கும்." அவ செருப்புல ஒட்டின மண்ணைத் தட்டற மாதிரி ஷூவைத் தட்டினா. "ரெண்டு பேருக்கும்னு யாரைக் கேட்டீங்க?" என்னை யாரும் கேக்கலன்னு வழி முழுக்கக் கண்ணை மூடிக்கிட்டு வந்தவன் நான்தான். "எனக்கு இங்க புடிச்சிருக்கு"ன்னா. "ஆதிரை என் பக்கத்துலதான் தூங்குது. லைப்ரரிக்கு நானே பஸ் ஏறிப் போறேன், தெரியுமா உங்களுக்கு? அங்க மூணு மாடி தண்ணி தூக்கினது போதும். லிஃப்ட்காரன் பொண்டாட்டின்னு பேரு, கல்யாணம் ஆன நாள்லேருந்து மாடிப்படி." "அப்ப என்னையும் இருன்னு சொல்றியா?" "நான் எப்ப சொன்னேன்? நீங்க போங்க. இங்க உக்காந்து எல்லாத்தையும் மொறைச்சுக்கிட்டிருக்கறதுக்கு அங்க போய் லிஃப்ட்டை மொறைங்க. போகக் கூடாதுன்னு அவன் சொன்னா அவனை நான் கேக்கறேன்." "சாப்பாடு?" "அதை என்னைக் கேக்காதீங்க." "கஞ்சி வெச்சுப்பேன்." "நீங்களா? அரிசி டப்பா எங்க இருக்கு சொல்லுங்க பார்ப்போம்." "ஜன்னலுக்குக் கீழ." "அது உங்க ஸ்பேனர் பெட்டி."

மேலேருந்து இளம்பரிதி ஓடி வர்றது தெரிஞ்சுது, கல்லு உருண்டு முன்னாடி வருது, அவன் பின்னாடி வர்றான். மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு, கண்ணு கலங்கியிருக்கு, அழுகையை அதட்டலா மாத்தறது சின்ன வயசுலேருந்து அவனுக்குப் பழக்கம். "என்னப்பா இது! அறிவிருக்கா உங்களுக்கு? நெஞ்சுக்கு ஏதாவது ஆயிருந்தா?" "ஆகல. ஒரு டிக்கெட் போடு பரிதி." "எ… என்னது?" "டிக்கெட். அடுத்த மாசம். நீதான் கேன்சல் பண்ணே, நீயே போடு." "அப்பா, அங்க ஏதாவதுன்னா யாரு தூக்குவா உங்களை?" "இப்ப யாரு தூக்கிட்டு வந்தா? இதோ நிக்கறேன் பார், எது மேலயும் சாயாம நிக்கறேன்." அவன் என்னை மேலேருந்து கீழ பார்த்தான், நனைஞ்ச தோளு, செவப்புத் தூசி. "ஒரு டிக்கெட்னா? அம்மாவுக்கு?" "அம்மாவைக் கேளு. எனக்குத் தெரியாது. நானும் இப்பதான் கேட்டேன்." அவன் அவளைப் பார்த்தான். "ஒண்ணுதான்டா"ன்னா கஸ்தூரி, பள்ளத்தைப் பார்த்துக்கிட்டே. "உங்கப்பாவைப் போக விடு. என்னைக் கேட்டியா, ஆமாம், நான் இருக்கேன். அவரைக் கேட்டியா, இல்லன்னுட்டார். அவ்வளவுதான் விஷயம்." அவன் ரெண்டு கையையும் இடுப்புல வெச்சுக்கிட்டு மூச்சு வாங்கினான், கடைசியில "வெயில் தாழட்டும், மேல போய் பார்க்கலாம்"னான். "பார்க்க வேண்டாம். போடு"ன்னேன். தலையை ஆட்டினான், ஆமாங்கற மாதிரியும் இருந்துது, என்ன மனுஷன் இவர்ங்கற மாதிரியும் இருந்துது, நான் முதலாவதை எடுத்துக்கிட்டேன். கஸ்தூரி கல்லு மேல நகர்ந்து எனக்கு எடம் விட்டு, பக்கத்துல தட்டிக் காட்டினா. உக்காரலாம். உடம்பு முழுக்க உக்காருன்னுது. ஆனா உக்காந்தா என்னை எழுப்ப ரெண்டு பேர் வேணும், அது இவனுக்குத் தெரியக் கூடாது. "நான் நிக்கறேன்"னு சொல்லிட்டு நின்னேன்.